மனம் வரும் வரை காத்திருப்பதா? பொழுதுபோக்கு மனநிலையை மாற்றும் விதம்

கோவா மாநிலத்தின் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த நோயாளிகளில், கடுமையான மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்ட 495 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வொன்றின் முடிவுகளை 2017-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தன்னார்வ நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் நடத்திய ஆய்வு அது. ஒரு குழுவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மற்றொரு குழுவினர் அதோடு சேர்த்து, ஆறு முதல் எட்டு முறை ஓர் ஆலோசகரைச் சந்தித்துப் பேசினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்களும் அல்லர், உளவியல் படித்தவர்களும் அல்லர். இந்தப் பணிக்கென்றே பயிற்சி கொடுத்துத் தயார்செய்யப்பட்ட உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவில் 39 சதவீதம் பேரும் இரண்டாவது குழுவில் 64 சதவீதம் பேரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகு மறுபடி ஆராய்ந்தபோதும் இரண்டாவது குழுவின் முன்னேற்றம் நீடித்தது.

அந்தச் சந்திப்புகளில் பேசப்பட்டவை மிகவும் எளிமையானவை. முன்பு எவற்றில் மனம் லயித்தது, இப்போது எவற்றையெல்லாம் விட்டுவிட்டீர்கள், அவற்றில் ஆகச் சிறிய ஒன்றை இந்த வாரம் மறுபடியும் தொடங்க முடியுமா என்று கேட்டு, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்பில் அது நடந்ததா, நடந்தபோது மனம் எப்படி இருந்தது என்று விசாரிப்பதுதான் அதன் சாரம். அன்றாடச் சிக்கல்களைச் சமாளிப்பதற்கும் உறவினர்களிடம் உதவி கேட்பதற்குமான வழிகளும் அதில் அடங்கியிருந்ததால், இதைப் பொழுதுபோக்கு பற்றிய ஆய்வு என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், பிடித்த ஒன்றைச் செய்வது மனநிலையை ஏன் உயர்த்துகிறது என்ற கேள்விக்கு நம் நாட்டுச் சூழலில் கிடைத்திருக்கும் உறுதியான சான்றுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. "மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீணையை உறையிலேயே விட்டுவைக்கிற, தூரிகையைப் பரணில் ஏற்றிவிடுகிற நம் எல்லோருடைய பழக்கமும் மனநிலை முதலில், செயல் பிறகு என்ற வரிசையை நம்பியே இருக்கிறது. கோவாவில் செய்யப்பட்டது அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்ததுதான்.

இதன் பின்னாலிருக்கும் கோட்பாடு 1970-களில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பீட்டர் லூயின்சன் வளர்த்தெடுத்தது. ஒருவர் சோர்ந்துபோகும்போது முதலில் கைவிடுவது கட்டாயமில்லாத காரியங்களைத்தான். அலுவலகத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, சமைக்காமல் இருக்க முடியாது. ஆனால் சனிக்கிழமை பஜனைக்குப் போகாமல் இருக்கலாம், மாலையில் சதுரங்கம் ஆடப் போகாமல் இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அப்படி ஒவ்வொன்றாகக் கழன்றுபோகப் போக, நாளில் சிறிதளவேனும் மகிழ்ச்சி தந்துகொண்டிருந்த தருணங்களும் கழன்றுவிடுகின்றன. மிஞ்சுவது கடமைகள் மட்டுமே நிறைந்த நாள். அந்த நாள் சோர்வை இன்னும் கூட்டுகிறது, கூடிய சோர்வு மீதமிருப்பவற்றையும் கைவிடச் செய்கிறது. இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்ற கேள்விக்கு லூயின்சன் சொன்ன விடை, எண்ணங்களை மாற்ற முயல்வதற்கு முன்பு செயல்களை மாற்றுவது என்பது. ஒருவருக்கு எவையெல்லாம் மகிழ்ச்சி தரக்கூடும் என்று கண்டறிய அவரும் அவருடைய சகாவும் 320 இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்றையே தயாரித்தார்கள். உளவியலாளர்கள் வெயிலில் உட்காருவதையும் சிரித்துப் பேசுவதையும் ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டு வரிசை எண் போட்டது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதே வழியில் வந்த சிகிச்சைமுறை, பிரிட்டனில் 440 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், எண்ணங்களையும் மாற்றப் பழக்குகிற, அதிகச் செலவும் நீண்ட பயிற்சியும் தேவைப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு எந்த விதத்திலும் குறையாத பலனைத் தந்தது.

இவையெல்லாம் நோயுற்றவர்களைப் பற்றியவை. நோய் என்று சொல்லுமளவுக்கு எதுவும் இல்லாமல், வாரக் கடைசியில் காரணம் தெரியாத எரிச்சலோடு சோபாவில் சாய்ந்து கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் பெரும்பான்மையினரைப் பற்றி என்ன தெரியும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், சீனா, 12 ஐரோப்பிய நாடுகள் என 16 நாடுகளில் 65 வயதைக் கடந்த 93,263 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை ஒன்றுசேர்த்து, 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், மகிழ்ச்சி, வாழ்க்கை குறித்த நிறைவு, தம் உடல்நலம் பற்றிய சொந்த மதிப்பீடு ஆகியவை கூடுதலாகவும் இருந்தன. டென்மார்க்கில் 96 சதவீதம் முதியவர்கள் தமக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு என்றார்கள். ஸ்பெயினில் 51, சீனாவில் 37.6. பணமும் பண்பாடும் ஓய்வு நேரமும் இவ்வளவு வேறுபடும் நாடுகளில் தொடர்பின் திசை ஒன்றாகவே இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் கனம்.

அதே நேரத்தில் அந்த வித்தியாசங்கள் அளவில் சிறியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். செய்தித் தலைப்புகளில் இந்த விவரம் காணாமல் போய்விடும். இன்னொரு கேள்வியும் எழும்: மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான் பொழுதுபோக்கை வைத்துக்கொள்கிறார்களோ, ஓய்வூதியமும் ஆரோக்கியமும் இருப்பவர்களுக்குத்தானே தபால்தலை சேர்க்கத் தோன்றும்? இந்த ஐயத்தை ஓரளவு நீக்க, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே நபரின் பொழுதுபோக்கு இருந்த ஆண்டுகளையும் இல்லாத ஆண்டுகளையும் ஒப்பிடும் வழி ஒன்று உண்டு. பிறவிக் குணம், படிப்பு, வளர்ந்த குடும்பம் போன்ற மாறாத காரணங்கள் எல்லாம் அப்போது கணக்கிலிருந்து கழிந்துவிடும். இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 8,780 பேரின் தரவை டெய்சி ஃபேன்கோர்ட் குழுவினர் இப்படி அலசியபோது, ஒரு பொழுதுபோக்கை மேற்கொண்ட காலத்தில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. இதுவும் முழுமையான நிரூபணம் ஆகாது. அந்த ஆண்டு வேறு ஏதேனும் நல்லது நடந்து, அதனால் இரண்டும் மாறியிருக்கலாம். ஆனால் சந்தேகத்தின் இடைவெளி குறுகிவிட்டது.

எந்தப் பொழுதுபோக்கு என்பதைவிட, அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். இதைப் பார்க்க மாடித்தோட்டம் வசதியானது. அது இப்போது தமிழக நகரங்களில் பரவலாக இருப்பதோடு, தோட்டவேலை பற்றிய ஆய்வுகளும் நிறைய இருக்கின்றன. 2011-இல் நெதர்லாந்தில் நடந்த சோதனையில், ஏற்கெனவே தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் பணியொன்று கொடுக்கப்பட்டது. பிறகு பாதிப்பேர் அரை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்தார்கள், பாதிப்பேர் அறைக்குள் அமர்ந்து வாசித்தார்கள். உமிழ்நீரில் அளக்கப்பட்ட கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரு தரப்பிலும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. மனநிலையைப் பொறுத்தவரை, தோட்டத்தில் இருந்தவர்கள் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பினார்கள். வாசித்தவர்களின் மனநிலை மேலும் சற்று இறங்கியது. இவர்கள் தோட்டவேலையை நேசிப்பவர்கள் என்பதை மறந்துவிட்டு, வாசிப்பைவிடத் தோட்டம் சிறந்தது என்று இதிலிருந்து சட்டம் போட்டுவிடக் கூடாது. புத்தகப் பிரியர்கள் 30 பேரை அழைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கக்கூடும்.

மாடியில் அந்த அரை மணி நேரம் எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் காரணம் புலப்படும். செம்பருத்தியின் இளந்தண்டில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி தெரிகிறது. பழைய பல்துலக்கியை வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த நீரில் தோய்த்து, ஒவ்வொரு கணுவாக, இலையின் அடிப்புறத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மொட்டு உடைந்துவிடும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பிய பையில் விரலை இரண்டு அங்குலம் விட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர். பொழுது சாய்ந்ததும் சுரைப்பூ விரியும். மாடிக்குத் தேனீயோ அந்துப்பூச்சியோ வராத வீடுகளில், ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, காம்பில் பிஞ்சோடு நிற்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுவார்கள். இவற்றில் எதுவும் பெரிய மூளை உழைப்பைக் கேட்பதில்லை, ஆனால் கண்ணையும் கையையும் முழுமையாகப் பிடித்துக்கொள்கிறது. மேலாளர் காலையில் சொன்ன சொல்லையே நூறாவது தடவையாக மென்றுகொண்டிருந்த மனம், அந்த வேலையை விட்டு இங்கே வந்துதான் ஆக வேண்டும். ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் என்ற உளவியலாளர் தம்பதியர் 1980-களில் விளக்கியதும் இதைத்தான். கணக்குப் பார்ப்பதற்கும் வாகனம் ஓட்டுவதற்கும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இலை, நீர், மேகம் போன்றவை அந்தக் கவனத்துக்கு வேலை தராமல் தாமாகவே நம்மை ஈர்ப்பதால், களைத்தது ஓய்வெடுத்துக்கொள்கிறது.

தோட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, அதைத்தான் நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். அது நம்முடைய மனநிலையைக் கேட்டுவிட்டு நடப்பதில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் கத்தரி தலைசாய்ந்துவிடும் என்பதால், எழுந்திருக்கவே பிடிக்காத காலையிலும் ஒருவர் பூவாளியோடு மாடிக்கு ஏறியாக வேண்டியிருக்கிறது. ஏறியபின் கீழே இறங்குவது அதே மனநிலையில் அல்ல. சிகிச்சையில் ஆலோசகர் நாளும் நேரமும் குறித்துக்கொடுத்துச் செய்யும் வேலையை இங்கே செடி செய்துவிடுகிறது. மேலும், அரைக்கீரை மூன்று நான்கு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும், வெண்டை ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் காய்க்கும். செய்ததன் பலன் கண்முன்னே வரும் கால அளவு மனித மனத்தின் பொறுமைக்கு ஒத்துப்போகிறது. ஆடிப்பட்டத்தில் போட்ட விதை முளைக்காமலும் போகும், மழையில் பந்தல் சரியவும் செய்யும். அந்தத் தோல்விகளுக்கு யாரும் விளக்கக் கடிதம் கேட்பதில்லை.

மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியா நேராக மூளைக்குப் போய் மகிழ்ச்சியைச் சுரக்கச் செய்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவலுக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற நுண்ணுயிரை வைத்து 2007-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டது உண்மை. அது சுண்டெலிகளின் உடலில் செலுத்திச் செய்யப்பட்ட சோதனை. தொட்டி மண்ணைக் கிளறும் மனிதருக்கு அதே விளைவு வரும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. தோட்டம் மனதுக்கு நல்லது என்பதற்கு இந்த மாயக் காரணம் தேவையுமில்லை.

கவனம் முழுமையாகப் பிடிபடுவது என்ற அந்த நிலையைத் தன் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டவர் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. மலையேறுபவர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் ஆகியோரைப் பேட்டி கண்டு 1975-இல் அவர் எழுதிய முடிவு, செய்யும் காரியத்தின் கடினமும் செய்பவரின் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் நேரம் போவது தெரியாத ஆழ்ந்த ஈடுபாடு உண்டாகிறது என்பது. கடினம் குறைந்தால் சலிப்பு, மிகுந்தால் பதற்றம். இதற்குச் சிக்குக்கோலத்தைவிடத் தெளிவான உதாரணம் நம்மிடையே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து மாவு ஒரே சீராக இறங்க வேண்டும். கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், எந்தப் புள்ளியையும் விடாமல் வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர வேண்டும். ஐந்து புள்ளி கை வந்ததும் ஏழு, பிறகு ஒன்பது, பிறகு ஊடுபுள்ளி என்று கடினத்தைத் தானே கூட்டிக்கொண்டு போகலாம். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலில் பயன்படும் இலக்கண விதிகளாக விவரிக்கும் அளவுக்கு அதற்குள் ஒழுங்கு இருந்தது. மார்கழிக் காலையில் தெருவை அடைத்து ஒரு கோலம் போட்டு முடித்து நிமிரும் பெண்ணின் முதுகு வலிக்கும், முகம் தெளிந்திருக்கும்.

ஆனால் அதே கோலம் எல்லாக் காலையிலும் அப்படி இருப்பதில்லை. பள்ளி வேன் வருவதற்குள் மூன்று டப்பா கட்ட வேண்டிய அவசரத்தில், வாசல் வெறுமையாக இருந்தால் மாமியார் முகம் சுளிப்பார் என்பதற்காக இழுக்கப்படும் நான்கு கோடுகள் பொழுதுபோக்கு ஆகமாட்டா. வேலையிலிருந்து மீளுதல் பற்றி ஆராய்ந்த சபீன் சோனென்டாக், சார்லோட் ஃபிரிட்ஸ் ஆகியோர் 2007-இல் அதற்கு நான்கு கூறுகளைச் சொன்னார்கள்: வேலையை மனதளவில் விட்டு விலகியிருத்தல், உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுதல், புதிதாக ஒன்று கைவரப்பெறுதல், அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத் தானே தீர்மானித்தல். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வலுவிழந்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் பெண்களுக்குக் கிடைக்காததும் அதுவே. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். பொழுதுபோக்கால் வரும் நன்மைகளைப் பற்றி எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, வாரத்தில் இரண்டு மணி நேரத்தை யார் யாரிடமிருந்து பெறுவது என்ற கேள்வியைக் கடந்துபோய்விடுகின்றன. வீட்டில் ஒருவர் கிட்டார் வகுப்புக்குப் போகும் அந்த மணி நேரத்தில் இன்னொருவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால், அந்தக் குடும்பத்தின் மொத்த மனநலம் எவ்வளவு கூடியது என்பது விவாதத்துக்குரியது.

செலவும் நேரமும் குறைந்த வகையில் பறவை பார்த்தலைச் சொல்லலாம். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் 1,292 பேரின் கைபேசிச் செயலி வழியாக நாளில் பல முறை அவர்களுடைய மனநிலையையும் சுற்றுப்புறத்தையும் கேட்டுப் பதிவுசெய்து 2022-இல் வெளியிட்ட முடிவில், பறவையைப் பார்த்த அல்லது அதன் குரலைக் கேட்ட பிறகு மனநிலை உயர்ந்தது. அந்த உயர்வு சில மணி நேரம் நீடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் அது காணப்பட்டது. இதற்கு வேடந்தாங்கல்வரை போக வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில், வீட்டு வாசலிலோ கண்மாய்க் கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எவரும் பதிவுசெய்யலாம். காகமும் மைனாவும் தவிர வேறு எதுவும் வராது என்று நினைத்திருந்த தெருவில் தையல்சிட்டும் செம்பகமும் கருஞ்சிட்டும் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

சேர்ந்து செய்யும் பொழுதுபோக்குகளுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. பாட்டு, கைவினை, எழுத்து ஆகிய வகுப்புகளில் சேர்ந்த பிரிட்டிஷ்காரர்களை ஏழு மாதங்கள் கவனித்த ஆய்வு ஒன்றில், முடிவில் எல்லா வகுப்பினரும் தமக்குள் ஒரே அளவு நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால் பாடியவர்கள் முதல் மாதத்திலேயே அந்த நெருக்கத்தை எட்டியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களோடு பேச்சைத் தொடங்கக் கூச்சப்படுபவர்களுக்குத் தேவாரக் குழுவோ தேவாலயப் பாடகர் குழுவோ ஏன் சுலபமாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். பேசத் தேவையில்லை, பாடினால் போதும்.

ஓவியத்தைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு பொதுவான நம்பிக்கைக்கு மாறானது. மனதில் இருக்கும் வேதனையைத் தாளில் கொட்டிவிட்டால் இலேசாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் ஆகியோர் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். வந்தவர்களிடம் துயரமான ஒரு நினைவை எண்ணிப்பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு சாராரை அந்தத் துயரத்தையே வரையச் சொன்னார்கள், இன்னொரு சாராரை அதற்குச் சம்பந்தமில்லாத எதையாவது வரையச் சொன்னார்கள். சம்பந்தமில்லாததை வரைந்தவர்களின் மனநிலைதான் கூடுதலாகத் தேறியது. குறுகிய நேரத்தில் அளக்கப்பட்ட விளைவு இது. துயரத்தை வெளிப்படுத்துவதற்கு நீண்டகால நோக்கில் வேறு பயன் இருக்கலாம். ஆனால் கோபத்தோடு வீடு திரும்பிய மாலையில், அந்தக் கோபத்தைப் படமாக்குவதைவிட எதிரிலிருக்கும் எலுமிச்சம்பழத்தையும் அதன் நிழலையும் பார்த்து வரைவது உடனடியாக உதவும்.

பொழுதுபோக்கைக் கெடுப்பவை எவை என்பதும் ஓரளவு ஆராயப்பட்டிருக்கிறது, அதில் நம் காலத்துக்குரிய பாடங்கள் உள்ளன. ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், வண்ணம் தீட்டியவர்களுக்கு எத்தனை உருவங்களை முடித்தார்கள் என்ற எண்ணிக்கை காட்டப்பட்டபோது அவர்கள் முன்னைவிட அதிகமாகத் தீட்டினார்கள். ஆனால் அதை ரசித்தது குறைந்தது. நடையிலும் வாசிப்பிலும் இதே விளைவு தென்பட்டது. பத்தாயிரம் அடி, ஆண்டுக்கு ஐம்பது புத்தகம், தொடர்ந்து நூறு நாள் என்று எதையும் கணக்காக்கிவிடும் செயலிகளை வைத்திருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1973-இல், ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் படம் வரைவதை விரும்பிய குழந்தைகளிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், பரிசைப் பற்றி எதுவும் அறியாத குழந்தைகளின் நேரத்தில் பாதியளவுக்கு இறங்கிவிட்டது.

நம் ஊரில் பிள்ளைகளின் பாட்டும் நடனமும் எப்போது அரங்கேற்றம், எந்தத் தொலைக்காட்சிப் போட்டி என்ற கேள்வியோடுதான் தொடங்குகின்றன. பெரியவர்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி "இதில் காசு வருமா?" என்று மாறுகிறது. கேக் செய்யப் பழகியவரிடம் முதல் வாரமே ஆர்டர் எடுக்கச் சொல்வார்கள், புகைப்படம் எடுப்பவரிடம் கல்யாணத்துக்கு வரச் சொல்வார்கள். வருமானம் தேவைப்படுபவர் அப்படிச் செய்வதில் குறை காண எதுவுமில்லை; ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு தொழில் கூடியிருக்கிறது, பொழுதுபோக்கு ஒன்று குறைந்திருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் சார்ந்த ஓர் ஆய்வு 129 பேரை ஏழு மாதங்கள் கவனித்துச் சொன்னதும் இதன் அருகில் வருகிறது. தீவிரமாக ஈடுபடும் பொழுதுபோக்கு வேலையிலிருந்து வேறுபட்டிருந்தால், அதில் கூடுதல் நேரம் செலவிட்ட மாதங்களில் தம்மால் முடியும் என்ற நம்பிக்கை உயர்ந்தது. வேலையைப் போலவே இருந்தால் அது குறைந்தது. பகல் முழுவதும் நிரல் எழுதுபவர் இரவிலும் ஆர்வத்துக்காக நிரல் எழுதுவதைவிட, மிருதங்கம் பழகுவது அல்லது மண்பானை வனைவது அவருக்கு நல்லது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எப்படித் தொடங்குவது என்பதற்குச் சிகிச்சை அறைகளிலிருந்து இரண்டு நுட்பங்களைக் கடன் வாங்கலாம். முதலாவது, அளவைச் சிரிப்பு வரும்படி சிறியதாக்குவது. வயலின் பயிற்சி என்று குறித்துக்கொள்ளாமல், புதன்கிழமை மாலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்து சுதி சேர்ப்பது என்று மட்டும் குறித்துக்கொள்வது. இரண்டாவது, செய்வதற்கு முன்பு இதில் எவ்வளவு மகிழ்ச்சி கிடைக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, செய்தபின் கிடைத்ததற்கும் ஒரு மதிப்பெண் போடுவது. சோர்ந்த மனம் வரப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிடும் என்பதால், இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சில வாரங்களில் செய்பவருக்கே சான்றாகிவிடுகிறது. மேலே எண்ணிக்கை ரசனையைக் குறைக்கும் என்று சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். இது சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து தூக்கிப்போட வேண்டிய குறிப்பு. எவ்வளவு செய்தோம் என்பதை இது அளப்பதுமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கடும் மனச்சோர்வின் அடையாளமே, முன்பு பிடித்திருந்தவற்றிலும் சுவை முற்றாக இல்லாமல் போவதுதான். அந்த நிலையில் இருப்பவரிடம் ஏதாவது பொழுதுபோக்கை வளர்த்துக்கொள் என்று சொல்வது, அவருடைய நோயைச் சோம்பலாகப் பார்ப்பது. முன்பு பாடிக்கொண்டிருந்தவர், பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர் இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் பேசத் தொடங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டுச் செடி வளர்ப்பில் இறங்கலாம் என்று இங்கே குறிப்பிட்ட எந்த ஆய்வும் சொல்லவில்லை. மருந்தோடு சேர்த்துச் செய்வதற்குத் தடையில்லை. எதை, எவ்வளவு செய்வது என்று மருத்துவரிடமே கேட்கலாம்.